இரும்பு யானைக்குக் கரி போட்டவன்

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1880இல் ஒரு நாவல் வெளியிட்டார். தமிழில் அதை 'நீராவி வீடு' என்று சொல்லலாம். கதை நடப்பது நம் நாட்டில். 1857 கலகம் அடங்கிப் பத்து வருஷம் கழித்து. சில வெள்ளைக்காரர்கள் கல்கத்தாவிலிருந்து இமயமலைப் பக்கம் ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். அவர்களை இழுத்துக்கொண்டு போவது ஒரு யானை. இரும்பு யானை. வயிற்றுக்குள் பாய்லர், தும்பிக்கை வழியாகப் புகை, பின்னால் சக்கரம் வைத்த இரண்டு பங்களா. பூட்டான் ராஜா ஒருவருக்காகச் செய்தது அது. ராஜா செத்துப்போக, ஒரு கர்னல் வாங்கிக்கொள்கிறார். ரோட்டில் போகும், ஆற்றில் இறங்கி நீந்தும், நிஜ யானைகளோடு கட்டி இழுத்தாலும் தோற்காது. கடைசியில் பாய்லர் வெடித்துச் சிதறிவிடும்.

இந்த மாதிரிக் கதைகளுக்கு இன்றைக்கு 'ஸ்டீம்பங்க்' என்று பெயர். 1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்கிற அமெரிக்க எழுத்தாளர் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் பாதி விளையாட்டாக வைத்த பெயர். 1990இல் வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து ஒரு நாவல் எழுதினார்கள். அதற்குப் பிறகு இது தனி வகையாகவே நிலைத்துவிட்டது. கரண்டும் பெட்ரோலும் வந்து மேலே ஏறாமல், உலகம் நீராவியிலேயே வளர்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் விஷயம். பித்தளைக் குழாய், பல்சக்கரம், புகை கக்கும் ஆகாயக் கப்பல், சாவி கொடுத்தால் நடக்கிற மனிதன். கை போனவனுக்கு இரும்புக் கை. நெஞ்சு நின்றவனுக்கு உள்ளே ஒரு கடிகாரம். அப்புறம் பெரிய பெரிய கேள்விகள் வரும். பாதி உடம்பு இயந்திரமான பிறகும் அவன் மனிதன்தானா? பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் அவனுக்குச் சாவு உண்டா? இயந்திரத்துக்கு உயிர் உண்டா?

நல்ல கேள்விகள்தான். நம் பிள்ளைகளும் இப்போது இவற்றைப் படிக்கிறார்கள், படமாகப் பார்க்கிறார்கள், தாங்களும் எழுதிப் பார்க்கிறார்கள். என் தங்கச்சி மகன் எழுதிய ஒரு கதைதான் என்னையும் இதை எழுத வைத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த யானைக்குக் கரி போட்டவனைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

யானையை ஓட்டுகிறவன் ஆங்கிலேயன். கரி போடுகிறவன் இந்தியன், பெயர் காலூத். அவனுக்கு வெர்ன் ஒதுக்கியிருப்பது சில வரிகள்தான். அந்தச் சில வரிகளில் அவர் சொல்வது: ரயில்வே கம்பெனிகள் விரும்பித் தேடுகிற ஒரு வகை இந்தியர்களைச் சேர்ந்தவன் இவன், இந்த நாட்டு வெயிலும் பாய்லர் சூடும் ஒன்றாகச் சேர்ந்து அடித்தாலும் இவர்களுக்கு ஒன்றும் ஆகாது, வெள்ளைக்காரன் கொஞ்ச நேரத்தில் கருகிப்போகிற இடத்தில் இவர்கள் சும்மா கொதிப்பதோடு சரி. வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார். மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்று யாராவது வாதாட வந்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஆனால் இந்த வாக்கியம் நமக்குப் புதுசு இல்லை. சூடு தாங்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறது என்றால், நாற்றம் தெரியாத மூக்கு என்றும் ஒன்று இருக்கும். பாரம் தெரியாத தோள் இருக்கும். பசி தெரியாத வயிறு இருக்கும். "அவங்களுக்கு அதெல்லாம் பழக்கம்." எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! ஒரு கூட்டத்தின் உடம்பு வேறு சரக்கால் ஆனது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அப்புறம் அந்த உடம்பை எந்த அடுப்புக்குள்ளும் எந்தக் குழிக்குள்ளும் அனுப்பலாம். இயந்திரத்துக்கு உயிர் உண்டா என்று கண்கலங்குகிற ஒரு இலக்கியம், அதன் மூல நூல்களில் ஒன்றிலேயே, ஒரு மனுஷனை இயந்திரத்தின் பாகமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறது. இத்தனை வருஷமாக அது யார் கண்ணையும் உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

என் கண்ணை உறுத்தியதற்குக் காரணம் உண்டு. நான் அரக்கோணத்துக்காரன். என் தாத்தா கரி போட்டவர்.

அரக்கோணம் ரயில் வளர்த்த ஊர். 1856 ஜூலை 1இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறந்தார்கள். அது இந்த வழியாகத்தான் போயிற்று. பிறகு ரேணிகுண்டா பக்கம் ஒரு பாதை, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பாதை. இந்தப் பக்கம் திருத்தணி. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் அது ஆந்திராவில் சித்தூர் மாவட்டத்தோடு இருந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற ஜங்ஷன். அந்த முதல் பாதைக்கு மண் வெட்டிக் கொட்டியவர்கள் யார் என்று எந்தக் கல்லிலும் எழுதி வைக்கவில்லை. எங்க ஆயா மட்டும் ஒரு கதை சொல்லுவாள். பாலம் நிக்கணும்னா நரபலி குடுக்கணும், அதுக்குப் புள்ள புடிக்கறவன் வருவான், சேரிப் புள்ளையத்தான் புடிப்பான், ஊர்ப் புள்ளையத் தொட மாட்டான். இந்தியா முழுக்க இப்படி ஒரு பயம் இருந்திருக்கிறது. அதில் யார் பிள்ளையைப் பிடிப்பான் என்கிற துல்லியம் எங்கள் ஆயாவுடையது.

தாத்தாவின் அப்பா பக்கத்துக் கிராமம் ஒன்றில் வெட்டியான். ஊரில் சாவு விழுந்தால் சேதி சொல்லப் போக வேண்டும், பறை அடிக்க வேண்டும், பிணத்தை எரிக்க வேண்டும். கூலி என்று ஒன்றும் கிடையாது. அறுப்புக் களத்தில் ஓரமாகக் கொஞ்சம் நெல், பிணத்தின் மேல் கிடந்த துணி, வாய்க்கரிசிக் காசு. தாத்தா பதினெட்டு வயதில் ஊரைவிட்டு ஓடிவந்து லோகோ ஷெட்டில் கரிக் கலாசியாகச் சேர்ந்தார். எந்த ஷெட் என்பது இங்கே வேண்டாம். எல்லா ஷெட்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது என்று அவரே சொல்வார். பிணம் எரித்த குடும்பத்துக் கை பாய்லருக்குத் தீ மூட்டப் போயிற்று. தீ ஒன்றுதான். ஆனால் மாசம் பிறந்தால் சம்பளம், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு, ஒரு நம்பர் போட்ட பித்தளை டோக்கன். அந்த டோக்கனை அவர் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார்.

ஷெட்டுக்குள்ளும் ஊர் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் டிரைவர் என்றால் ஐரோப்பியன், இல்லாவிட்டால் ஆங்கிலோ இந்தியன். நம் ஜனம் கரி அள்ளும் இடத்தில், சாம்பல் குழியில், தண்டவாளத்தில், கக்கூஸில். சுதந்திரம் வந்து சட்டம் வந்த பிறகு மெதுவாக மேலே நகர்ந்தார்கள். தாத்தா பயர்மேன் ஆனார். டபிள்யூ.ஜி. கூட்ஸ் எஞ்சின்கள் 1950இல் வந்தவை. அதில்தான் அவர் காலம் போயிற்று. எஞ்சினை 'அவ' என்றுதான் சொல்வார். "அவ மூச்ச வெச்சே சொல்லிடுவேண்டா, இன்னா கோளாறுன்னு." தண்ணி குடிக்கிறாள், கரி தின்கிறாள், மேடு ஏறும்போது இருமுகிறாள். ஸ்டீம்பங்க் எழுதுகிறவர்கள் இயந்திரத்தில் பார்க்கிற உயிரை அவரும் பார்த்தார். அந்த ஆசையை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கதைகளின் அழகே துடைத்துப் பளபளக்கும் பித்தளைதானே? அதைக் கழிவுப் பஞ்சும் எண்ணெயும் வைத்துத் துடைத்த கை எதுவென்று கதையில் வராது, அவ்வளவுதான்.

தாத்தா சொன்னதில் எனக்கு மறக்காமல் இருப்பது நெருப்புப் பெட்டி. எஞ்சினை ஷெட்டுக்குக் கொண்டுவந்து நெருப்பை இறக்குவார்கள். சாம்பலும் கட்டியான கரிக்கசடும் குழியில் விழும். அப்புறம் நெருப்புப் பெட்டிக்குள்ளே ஆள் இறங்கணும். கரி போடுகிற அந்த வாசல்தான் வழி. தோளை ஒடுக்கி, ஒரு கையை முன்னே விட்டு, தலையை நுழைத்து, உடம்பை இழுத்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே குழாய் வாய்களைச் சுத்தம் செய்வது, உடைந்த சூளைக்கல்லை எடுத்துவிட்டுப் புதுசு அடுக்குவது. ஆறிப்போச்சு என்று மேஸ்திரி சொல்வான். "அவன் வெளிய நின்னு சொல்லுவான், ஆறிப்போச்சுன்னு. இரும்புக்கு அது தெரியுமா? உள்ள போனா முட்டி கொப்புளிச்சிடும்." தாத்தா ஒல்லி. அதனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஓட்டை இந்த அளவு, ஆகவே ஆள் இந்த அளவு.

அந்த நெருப்புப் பெட்டியின் கூரையில் ஒரு சின்னச் சாமான் இருக்கும். லெட் ப்ளக் என்பார்கள். பித்தளைத் திருகாணி, நடுவில் ஈயம். பெட்டியின் கூரைக்கு மேலே எப்போதும் தண்ணி நிற்க வேண்டும். நின்றால்தான் கூரை தாங்கும். தண்ணி குறைந்துவிட்டால் தகடு சிவக்கும், பிளக்கும், பாய்லர் வெடிக்கும். அதற்கு முன்னால் அந்த ஈயம் உருகிவிடும். உருகின ஓட்டை வழியாக நீராவி நெருப்பின் மேல் பீய்ச்சும். சத்தம் கேட்டு டிரைவர் உஷாராகிவிடலாம். பாய்லரைக் காப்பாற்றுவதற்காக முதலில் உருகிப்போகிற மெத்தென்ற ஒரு பாகம். எஞ்சினிலேயே ரொம்ப மலிவான பாகமும் அதுதான். உருகினால் வேறு ஒன்றைத் திருகி மாட்டிவிடுவார்கள்.

ஈயம் என்றதும் நமக்கு வேறு ஒன்றும் ஞாபகம் வரும். வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே அந்த கதி. மேரி ஷெல்லி 1818இல் எழுதிய 'பிராங்கன்ஸ்டைன்' கதையில், பிணங்களின் பாகங்களைச் சேர்த்துச் செய்த அந்த ஜீவன் ஒரு குடிசைக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஒளிந்துகொண்டு, சுவர் இடுக்கு வழியாக உள்ளே பேசுகிறதைக் கேட்டுக் கேட்டே பாஷை கற்றுக்கொள்கிறது. கடைசி வரைக்கும் அதற்குப் பெயர் கிடையாது. பேசக் கற்றுக்கொண்டு உள்ளே போனதும் அடிக்கிறார்கள். ஐரோப்பியன் இதை விஞ்ஞானத்தின் ஆபத்து என்று படிக்கட்டும். சுவருக்கு வெளியே நின்று எழுத்துக் கற்றவன் வேறு மாதிரிதான் படிப்பான்.

சாவைப் பற்றி இந்த இலக்கியம் நிறைய யோசிக்கிறது. பாகத்தை மாற்றினால் சாவை ஒத்திப்போடலாம் என்கிறது. எஞ்சின் விஷயத்தில் அது நிஜம். 1855இல் இங்கிலாந்தில் செய்து இங்கே வந்த ஈ.ஐ.ஆர். 21 என்கிற எஞ்சின் 1909இல் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. நூறு வருஷம் காட்சிப்பொருளாக நின்றது. 2010இல் நம் பெரம்பூர் ஒர்க்ஷாப்பில் அதைப் பிரித்துப் புதுப் பாகங்கள் போட்டு மறுபடி ஓட வைத்தார்கள். நான் படத்தில் பார்த்தேன். மாலை போட்டிருந்தார்கள். எத்தனை பாகம் மாறினாலும் அது அதே 21தான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். 1970இல் சித்தரஞ்சன் தொழிற்சாலை கட்டிய கடைசி அகலப்பாதை நீராவி எஞ்சினுக்கு 'அந்திம் சிதாரா', கடைசி நட்சத்திரம், என்று பெயர் வைத்தார்கள். 1995 டிசம்பரில் அகலப்பாதையில் கடைசி நீராவி வண்டி ஓடினபோது அதற்கும் வழியனுப்பு. இரும்புக்கு இவ்வளவு அழுகை. தாத்தா 1988இல் செத்தார். இருமி இருமித்தான் செத்தார். எச்சிலில் கருப்பு வரும். அவரைச் சேரிச் சுடுகாட்டில் எரித்தோம். ஊர்ச் சுடுகாட்டுக்கு வழி வேறே, இன்றைக்கும் வேறே.

பாகத்தை மாற்றினால் ஆள் மாறுவானா என்கிற கேள்விக்கும் எங்கள் வீட்டில் பதில் உண்டு. தாத்தா தொழிலை மாற்றினார். துணியை மாற்றினார், காக்கி. வீட்டை மாற்றினார், குவாட்டர்ஸ். பேரை மாற்றினார், அப்பன் வைத்த பேர் அமாவாசை, ரிகார்டில் வேறு. பேச்சை மாற்றினார், டிரைவரோடு பேசிப் பேசி ஆங்கிலோ இந்தியன் மாதிரி "மேன், மேன்" என்பார். ஜங்ஷனில் துட்டு கொடுத்தால் டீ கண்ணாடி கிளாசில் வரும். ஒன்பது மைல் தள்ளி அவர் ஊருக்குப் போனால் துட்டு கொடுத்தாலும் கொட்டாங்குச்சி. கிராமத்துக்கு அவர் வந்தால் பெரியவர்கள் கேட்பார்களாம்: "யார்ரா, வெட்டியான் மவன்தானே?" எல்லாப் பாகத்தையும் மாற்றின பிறகும் அதே ஆள் என்று சொல்லிவிட்டார்கள். எஞ்சினுக்கு அது மரியாதை. மனுஷனுக்கு?

அம்பேத்கர் சின்னப் பையனாக அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போனது நம் எல்லாருக்கும் தெரியும். மசூர் ஸ்டேஷனில் இறங்கின நல்ல துணி உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரித்தார். மகார் என்று தெரிந்ததும் முகம் மாறிப்போயிற்று. ரயில் அவர்களை ஏற்றிக்கொண்டது, டிக்கெட்டை மட்டும் பார்த்தது. இறங்கின இடத்தில்தான் சாதி நின்றுகொண்டிருந்தது. இதை அனுபவித்தவர் என்பதால்தானோ என்னவோ அவர் இயந்திரத்தைத் திட்டவே இல்லை. 1909இல் காந்தி 'இந்து சுயராஜ்ய'த்தில் ரயிலைத் திட்டினார். பிளேக் பரவுகிறது, பஞ்சம் வருகிறது என்றார். 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு எழுதிய புத்தகத்தில் அம்பேத்கர் நேர் எதிராகச் சொன்னார். மனுஷனுக்கு ஓய்வு வேண்டும், ஓய்வு இல்லாமல் பண்பாடு இல்லை, ஓய்வைத் தருவது இயந்திரம், ஆகவே இன்னும் இயந்திரம், இன்னும் நாகரிகம் வேண்டும். கெடுதல் இயந்திரத்தில் இல்லை, அதை வைத்திருக்கிற சமூக அமைப்பில். கிராமத்துப் பழமையை மெச்சுகிறவர்களும் நீராவிப் பழமையை மெச்சுகிறவர்களும் எனக்கு ஒரே மாதிரித் தெரிகிறார்கள். இரண்டு பேரும் கரி போட்டவனைக் கேட்கவில்லை.

அமெரிக்கக் கறுப்பர்களிடம் ஜான் ஹென்றி கதை இருக்கிறது. மலையைக் குடைந்து ரயிலுக்குச் சுரங்கம் போடும்போது நீராவித் துளைப்பானோடு பந்தயம் வைத்துச் சம்மட்டியால் அடித்து ஜெயித்து, கையில் சம்மட்டியோடு செத்துப்போனவன். நிறைய பேர் அதை வீரக் கதையாகப் பாடுகிறார்கள். எனக்கு அதில் கோபம்தான் வரும். அந்தத் துளைப்பானை அவன் கையில் கொடுத்திருந்தால் செத்திருக்க மாட்டானே! வடஆற்காட்டிலிருந்து கோலார் தங்க வயலுக்குப் போன நம் ஜனத்தின் கதையும் பாதி இதுதான். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமான சுரங்கம், 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்துக் கொண்டுவந்த மின்சாரம். அந்தக் காலத்துக்கு அது விஞ்ஞானக் கதைதான். அடியில் பாறை வெடித்தால் நசுங்கியது தமிழ்ச் சேரிக்காரன்.

இதற்கு மாற்றாக யாரும் கனவு காணவில்லை என்று சொல்ல முடியாது. 1905இல் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' பத்திரிகையில் ரொக்கையா சகாவத் உசேன் என்கிற வங்காள முஸ்லிம் பெண் 'சுல்தானாவின் கனவு' எழுதினார். பெண்கள் ஆளும் நாடு. சூரிய வெப்பத்தைச் சேர்த்துச் சமைக்கிறார்கள், ஆகாய வண்டியில் போகிறார்கள், ஆண்கள் அந்தப்புரத்தில். அடுப்பில் வெந்துகொண்டிருந்தவள் எழுதியதால் அவள் நாட்டுச் சமையலறையில் கரியும் இல்லை, புகையும் இல்லை. வெர்னுக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

இப்போது என் தங்கச்சி மகன் கதைக்கு வருகிறேன். இஞ்சினியரிங் படிக்கிறான். கதை அரக்கோணத்தில் நடக்கிறது. கரண்ட் வராத ஒரு அரக்கோணம். மின்சார லோகோ ஷெட் 1982இல் வந்தது. அவன் கதையில் அது வரவில்லை. எங்கும் நீராவி. ஆகாயக் கப்பல்கள் ஜங்ஷனில் வந்து நிற்கின்றன. நல்லாத்தான் எழுதியிருந்தான். நான் கேட்டேன், "கரி யார்றா போடறது?" அவன் சொன்னான், "அதுக்கு ஆளே வேணாம் மாமா. ரோபோ போடும்."

ரோபோ என்கிற சொல்லைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். 1920இல் கரேல் சாபெக் என்கிற செக் நாட்டுக்காரர் எழுதிய நாடகத்தில் வந்த சொல். செக் பாஷையில் ரோபோட்டா என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்பும் இல்லை. தொழிற்சாலையில் சதை மாதிரி ஒன்றால் செய்த ஆட்கள். நம் பாஷையில் கூலியில்லாத கட்டாய உழைப்புக்குப் பெயர் வெட்டி. சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வருகிற சொல். வெட்டி செய்கிறவன் வெட்டியான். ரோபோ என்பதைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் வெட்டியான் என்றுதான் வரும். 'எந்திரன்' என்று படத்துக்குப் பெயர் வைத்தார்கள், நல்ல பெயர்தான், ஆனால் அதில் இந்த ரத்தம் இல்லை. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவனுடைய கொள்ளுத் தாத்தாவுக்கும் அப்பன்தானே அது.

அப்போது அவன் கேட்டான், "அப்ப ரோபோ வேணாம்ன்றியா மாமா?" வேண்டும் என்றுதான் சொன்னேன். 2018இல் கேரளத்துப் பையன்கள் சாக்கடைக் குழி சுத்தம் செய்ய ஒரு ரோபோ செய்தார்கள். திருவனந்தபுரத்தில் முதலில் இறக்கினார்கள். பேண்டிகூட் என்று பெயர். பெருச்சாளி. தெலுங்கில் பந்திகொக்கு, அதிலிருந்துதான் அந்த ஆங்கில வார்த்தையே வந்தது. எங்கள் ஊரில் இரண்டு பேரும் தெரியும். மேலே ஒரு பெட்டி, திரை பார்த்து ஓட்டலாம், கால் கை எல்லாம் குழிக்குள் போகும், ஆள் வெளியே. குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கே அதை ஓட்டவும் பழக்கினார்கள். இதைத்தான் அம்பேத்கர் கேட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்தப் பெருச்சாளி எல்லா ஊருக்கும் வந்துவிடவில்லை. எங்கள் ஊர் வானத்தில் கடற்படை விமானம் பறக்கிறது. ஐ.என்.எஸ். ராஜாளி 1992இல் வந்தது. 2013இலிருந்து பி-8ஐ விமானங்கள் அங்கே இருக்கின்றன. நடுக்கடலில், தண்ணிக்கு அடியில் ஒளிந்திருக்கிற நீர்மூழ்கியைக் கண்டுபிடித்துவிடும். ஒரு மேன்ஹோலுக்குள் என்ன வாயு இருக்கிறது என்று கண்டுபிடிக்க இன்னமும் தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுப் பார்க்கிறார்கள். ஸ்டீம்பங்க் கதையில் காலங்கள் கலந்து கிடக்கும், அதுதான் அதன் ருசி என்பார்கள். இங்கே நிஜத்திலேயே கலந்து கிடக்கிறது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். 1993க்குப் பிறகு சாக்கடைக் குழியில் செத்தவர்கள் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ஒரு சாவுக்குப் பத்து லட்சம் என்றது, 2023 அக்டோபரில் முப்பது லட்சம் ஆக்கியது. என் பெரியப்பா மகன் சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தொட்டிக்குள் இறங்கி மயங்கி விழுந்து, கயிறு கட்டியிருந்ததால் பிழைத்தவன். அவனும் ஒல்லி. ஒல்லியானவனைத்தான் கூப்பிடுவார்கள் என்று அவன் சொன்னபோது எனக்குத் தாத்தா குரல் கேட்டது.

இதையெல்லாம் தங்கச்சி மகனிடம் சொன்னேன். கதையை மறுபடி எழுதிக்கொண்டு வந்தான். இந்தத் தடவை இரும்பு ஆள் ஒருத்தன் வருகிறான். நீராவியில் நடப்பான். ஷெட்டில் கரி போட்டுக்கொண்டிருந்தவன், பாகமெல்லாம் தேய்ந்த பிறகு ஒரு கிராமத்துக்கு விற்றுவிடுகிறார்கள். அங்கே பிணம் எரிக்க வைத்துக்கொள்கிறார்கள். செத்தவர்களை எரித்து எரித்து, தனக்குச் சாவு வருமா என்று அவன் யோசிக்க ஆரம்பிக்கிறான். அங்கே கதை நின்றிருந்தது.

எங்க அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினான். அம்மாவுக்கு எண்பது ஆகிறது, கண் தெரியாது, காது நல்லா கேட்கும். முழுக்கக் கேட்டாள். ஆகாயக் கப்பல் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஏண்டா, அந்த இரும்பாளு ராத்திரிக்கி எங்கடா படுக்கறான்? ஊர்லயா, சேரிலயா?"

"அத எழுதல ஆயா."

"எழுதாம உட்டா எப்பிடி? சேரின்னா, தண்ணிக்கி எந்தக் கெணத்துக்குப் போவான்? அவனுக்குத்தான் நெறய தண்ணி வேணும்ன்றியே."

பையன் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.